என்ஜினுக்கு வைத்த பொட்டு

சாஜிதா பேகத்தின் வேலை, புது என்ஜினை அழுக்காக்குவது.

கோயம்புத்தூர் கணபதியில், வார்ப்புக் கூடங்களும் லேத் பட்டறைகளும் ஒன்றின் முதுகை ஒன்று உரசிக்கொண்டு நிற்கும் ஒரு சந்தில் நஞ்சுண்டனின் கம்பெனி இருந்தது. ஒரு காலத்தில் மோட்டார் பம்புக்கு மூடி வார்த்த இடம். அவருடைய மகன் சபரீஷ் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து, மூடி வார்க்கிற கையால் ரயில் என்ஜினும் வார்க்கலாம் என்றான். பொம்மையா என்று யாராவது கேட்டுவிட்டால் முகம் சுண்டிவிடும். மாடல் என்று திருத்துவான். சரக்கு வண்டி இழுக்கிற டீசல் என்ஜின், சரியாக ஒரு சாண் நீளத்தில். ஏணிப்படி, கைப்பிடிக் கம்பி, முன்விளக்கு, டீசல் தொட்டி, ஒன்றும் விடுபட்டிருக்காது. வெளிநாட்டில் டாக்டரும் இன்ஜினியருமாக இருக்கிற நம் ஊர்க்காரர்கள் அதை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வார்கள். இங்கே தண்டவாளத்தில் கரண்ட் என்ஜின் பெருகப் பெருக, அங்கே டீசல் மாடலுக்குக் கிராக்கி கூடியது.

பளபளவென்று இருக்கிற என்ஜினைவிட, பத்து வருஷம் வெயிலில் ஓடியது போலத் தெரிகிற என்ஜினுக்குத்தான் மதிப்பு. அந்தப் பத்து வருஷத்தைத்தான் சாஜிதா இரண்டு நாளில் கொண்டுவந்து ஏற்றுவாள். புகைபோக்கியைச் சுற்றிக் கரி படிய வேண்டும். டீசல் ஊற்றுகிற வாயிலிருந்து எண்ணெய் வழிந்து காய்ந்திருக்க வேண்டும். சக்கரத்துக்கு மேலே பிரேக் தூசி செம்பட்டையாக ஒட்டியிருக்க வேண்டும். டிரைவர் பிடித்து ஏறுகிற கம்பியில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு மினுங்க வேண்டும். ஆள் கை படாத கம்பியில் அது மினுங்கினால் வாங்குகிறவன் கண்டுபிடித்துவிடுவான்.

அவளுடைய வீட்டுக்காரர் சிக்கந்தர் உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடை போடுகிறவர். துரு எத்தனை வகை என்று அவள் கற்றுக்கொண்டது அந்தக் கடையில்தான். ஒரு மழை கண்ட துரு ஆரஞ்சுத் தோல் மாதிரி, நாலு வருஷத் துரு வெல்லப்பாகு மாதிரி. கடைத் தரையில் உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி, பழைய துப்பட்டாவில் சலித்து, டப்பா டப்பாவாக எடுத்துப்போவாள். "ஊடு தொடைக்கறதுல பாதி நேரம், அழுக்கு சேக்கறதுல பாதி நேரம்" என்று சிக்கந்தர் சிரிப்பார். கரும்புக்கடை ஏரியாவில் அவர்கள் குடியிருந்த வீட்டின் தரையில் முகம் பார்க்கலாம்.

கம்பெனியில் சேர்ந்தபோது அவளுக்கு வார்ப்பில் பிசிறு எடுக்கிற வேலைதான். அதற்கு முன்னால் கோட்டைமேட்டில் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போட்டுக்கொண்டிருந்தாள். நடுங்காத கை. சபரீஷ் ஒருநாள் சீரோ நம்பர் பிரஷ் ஒன்றைக் கொடுத்து, என்ஜினின் பக்கவாட்டில் எண் எழுதச் சொல்லிப் பார்த்தான். அன்றைக்கே பிசிறு மேஜையிலிருந்து அவளைத் தூக்கிப் பெயிண்ட் மேஜையில் போட்டுவிட்டான். ஒன்பது வருஷம் ஆகிறது.

அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. பெயிண்ட் மேஜையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். முடித்த என்ஜினைக் கவிழ்த்து, டீசல் தொட்டிக்கு அடியில் அவரவர் நிறத்தில் கடுகளவு புள்ளி வைக்க வேண்டும். பீஸ் குறையோடு திரும்பி வந்தால் யார் கைவேலை என்று தெரிய அந்தப் புள்ளி. நல்லபடியாகப் போன பீஸை யாரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. திரும்பி வந்ததை நஞ்சுண்டன் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். நீள நோட்டு ஒன்றில் தேதி, குறை, ஆள் பெயர் எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்குவார். பக்கத்து நாற்காலி கீதாவுக்கு மஞ்சள். அவள் பெயர் அந்த நோட்டில் ஏழெட்டுத் தடவை ஏறியிருக்கிறது. நிறம் பிரித்துக் கொடுத்த அன்றைக்கு நஞ்சுண்டன் டப்பாக்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பச்சைங்க அம்மணி" என்று சொல்லி லேசாகச் சிரித்தார். சாஜிதாவும் சரிங்க என்று வாங்கிக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் பச்சை ஒருமுறைகூட நோட்டுக்குள் போகவில்லை.

அதனால் அவள் பெயரை அங்கே யாரும் எழுதிப் பார்த்ததில்லை. வருகைக்குக் கட்டைவிரல். கூப்பிட அம்மணி. கீதா மாதிரிச் சின்னவர்களுக்கு அக்கா. ஆதார் நகலில் பெயர் இருந்தது. அது அலமாரிக்குள் இருந்தது. நஞ்சுண்டன் அதிர்ந்து பேசமாட்டார். வேலைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் 'ங்க' உண்டு. மரியாதைக்கு அந்தக் கம்பெனியில் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

போன ஐப்பசியில் சபரீஷ் அவளையும் கீதாவையும் காரில் ஏற்றி, அசல் என்ஜினைக் காட்டப் போத்தனூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனான். சரக்கு வண்டி ஒன்று சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தது. கீதா புகைபோக்கியைப் போட்டோ எடுத்தாள். சாஜிதா என்ஜினின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆயுத பூஜைக்கு யாரோ முன்விளக்குக்குக் கீழே மூன்று பட்டை சந்தனமும் நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு நாலைந்து மழை பெய்திருந்தது. சந்தனம் காரை பெயர்ந்த சுவர் மாதிரி ஆகியிருந்தது. குங்குமம் கரைந்து, சளி பிடித்த குழந்தையின் மூக்கிலிருந்து ஒழுகுவது போல மஞ்சள் பெயிண்ட்டின் மேல் ஒரு கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது. கைப்பிடிக் கம்பியில் கருகின சாமந்தி ஒன்று.

திரும்பி வந்ததும் யாரும் சொல்லாமல் ஒரு சாம்பிளில் அதைப் போட்டாள். சந்தனத்தைப் போட்டு நகத்தால் பெயர்த்தாள். குங்குமத்தைப் போட்டுத் தின்னர் தொட்ட பஞ்சால் பாதியை எடுத்து, ஒரு சொட்டை வழியவிட்டாள். சாமந்திக்கு ஒரு நூல் முடிச்சு. கீதா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, பாய் ஊட்டுல இருந்து வந்து எங்க சாமிக்கே பொட்டு வெச்சுப்போட்டீங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது சிக்கந்தர் கொஞ்சம் யோசித்தார். வைக்கலாமா என்றார்.

"என் நெத்தியிலயா வெக்கறேன்? என்ஜின் நெத்தியில."

அவர் சிரித்துவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

சாம்பிள் கடல் தாண்டிப் போனது. அங்கே என்ஜின் சேர்க்கிறவர்களின் கிளப் ஒன்று இருந்தது. அவர்கள் இதே மாதிரி நூறு வேண்டும் என்று எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, நூற்றுக்கு மேல் செய்யக் கூடாது. அத்தோடு இன்னொன்றும் கேட்டிருந்தார்கள். அந்த மழை பட்ட பொட்டை வைத்த கை யாருடையது? அவர் பெயரும், அவரைப் பற்றி நாலு வரியும் அச்சடித்த அட்டை ஒன்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருக்க வேண்டும்.

சபரீஷ் பெயிண்ட் மேஜைக்கே வந்து சொன்னான். "அக்கா, உங்க பேரு நூறு ஊட்டுக்குப் போகுதுங்க. இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்கன்னு ஒரு சீட்டுல எழுதிக் கொண்டாங்க."

சீட்டை எழுதியது மகள் யுஸ்ரா. பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மூன்று தாள் கிழித்துப்போட்டு நாலாவது தாளில் அச்சுப்போல எழுதினாள். சாஜிதா அதை டிபன் டப்பா பையில் வைத்து எடுத்துப்போய்க் கொடுத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் மேட்டுப்பாளையத்தில் ஒரு நிக்காஹ். சிக்கந்தரின் தங்கை ரிஃபத் அங்கேதான் வாக்கப்பட்டிருந்தாள். பாக்கு மண்டிக்காரர் வீடு. சாஜிதா வேலைக்குப் போகிறாள் என்பதை ஒன்பது வருஷமாக ரிஃபத் நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம், எங்க மச்சி காருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறாங்க என்று அறிமுகம் செய்தாள். காருக்கு இல்லை, என்ஜினுக்கு என்றாள் சாஜிதா. அப்புறம் அவளையும் அறியாமல் அட்டை விஷயத்தைச் சொல்லிவிட்டாள். நூறு வீட்டில் என் பேர் இருக்கும் என்றாள். ரிஃபத் நல்லி எலும்பைத் தட்டிக்கொண்டே, "அட்டை வந்ததும் ஒண்ணு கொண்டாங்க மச்சி. எங்க கண்ணாலயும் பாத்துக்கறோம்" என்றாள்.

வேலை தொடங்கியது. ஒரு பொட்டு மாதிரி இன்னொன்று இருக்கக் கூடாது என்பதில் சாஜிதா பிடிவாதமாக இருந்தாள். மழை எல்லா என்ஜினிலும் ஒரே மாதிரியா பெய்கிறது? ஒன்றில் சந்தனம் இடப்பக்கம் பெயர்ந்திருக்கும். ஒன்றில் குங்குமம் இருந்த இடத்தில் வெறும் சாயம் மட்டும். முப்பத்தெட்டு முடிந்திருந்தபோது சிவகாசியிலிருந்து அட்டைக் கட்டு வந்தது.

பிரித்தது கீதா. மேல் அட்டையைப் படித்தாள். படித்துவிட்டுக் கட்டைத் திரும்ப மடித்து, பேசாமல் மேஜையடியில் தள்ளினாள். அவள் பேசாமல் இருந்து சாஜிதா பார்த்ததில்லை. குனிந்து எடுத்துப் பார்த்தாள். ஆங்கிலம் கூட்டிப் படிக்கத்தான் வரும். பெயரைப் படிக்க அது போதும். பிரவீனா சபரீஷ். மீதியைக் கீதாதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்தியூரில், ஆயுத பூஜைக்கு அப்பாவின் டிராக்டருக்குப் பொட்டு வைத்து வளர்ந்த பிரவீனா, அந்த ஞாபகத்தில் இந்த என்ஜினுக்குத் தன் கையால் பொட்டிட்டிருக்கிறாள்.

பிரவீனா சபரீஷின் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம். கம்பெனிக்குத் தினமும் வருவாள், பெட்டியின் மேல் வருகிற படங்களை அவள்தான் பார்த்துக்கொண்டாள். யாருக்கும் கெடுதல் நினைக்கிற பெண் இல்லை.

கொஞ்ச நேரத்தில் நஞ்சுண்டன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். "உக்காருங்க அம்மணி. காபி சொல்லட்டுங்களா?" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவளுக்குக் காபி வந்ததில்லை. என்ன வரப்போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்கப்படாதுங்க. வேலை உங்க வேலைதான். அதுல மறுபேச்சே இல்லீங்க. ஆனாப் பாருங்க, அவிய கேக்கறது பொட்டோட கதை. ஊட்டுல எப்படிச் செய்வீங்க, சின்னதுல இருந்து பாத்ததுங்களா, அப்படீங்கறாங்க. அதுக்கு உங்க பேரைப் போட்டா எப்படிங்க பொருந்தும்? படிக்கறவன் குழம்பிப்போவானுங்களே."

"பொட்டு வெச்சது நாந்தானுங்களே."

"ஆருங்க இல்லைன்னது? பிரவீனா நம்ம ஊட்டுப் புள்ள. உங்களுக்கும் புள்ள மாதிரிதான. அது பேரு வந்தா உங்க பேரு வந்தாப்பிடிதானுங்க."

"அப்படீன்னா என் பேரு வந்தாலும் அது பேரு வந்தாப்பிடிதானுங்களே."

நஞ்சுண்டன் கோபிக்கவில்லை. நல்ல பேச்சைக் கேட்ட மாதிரி சிரித்து, காபியை ஆற்றினார். ஆற்றிக்கொண்டே அவளுடைய பெண்ணின் படிப்பைப் பற்றி விசாரித்தார். சபரீஷ் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சாஜிதா கொடுத்த சீட்டு அவனுடைய மேஜையில், காபி டம்ளருக்கு அடியில் இருந்தது. டம்ளரின் ஈரம் பட்டு வட்டமாக ஒரு கறை.

"அப்ப மிச்சத்துக்குப் பொட்டு அவியளே வெச்சுக்கட்டுமுங்க" என்றாள் சாஜிதா. "அழுக்கெல்லாம் நான் போட்டுத் தர்றேன். பொட்டு மட்டும், ஆரு பேரு இருக்குதோ அவிய வெக்கட்டும்."

அதும் ஞாயம்தானுங்க என்று நஞ்சுண்டன் ஒப்புக்கொண்டார். அட்டையில் பொய் இல்லை என்றும் ஆகிவிடும் அல்லவா. அவருக்கு அது வசதியாகக்கூட இருந்தது.

வீட்டில் யுஸ்ரா கோபத்தில் துள்ளினாள். அந்தக் கிளப்புக்கு ஒரு மெயில் தட்டினால் போதும், போட்டோவோடு அனுப்புகிறேன் என்றாள். உன் படிப்பு முடியட்டும் என்றாள் சாஜிதா. சிக்கந்தர் சமாதானம் சொல்லப் பார்த்தார். நான் எடை போட்ட இரும்பு எத்தனை ஊர்ப் பாலத்தில் இருக்கிறதோ, எந்தப் பாலத்தில் என் பெயர் எழுதியிருக்கிறது என்று கேட்டார். எழுதுகிறேன் என்று சொல்லி, சீட்டு கேட்டு வாங்கி, ஒரு பாலத்தின் மேல் அவர் பெயருக்குப் பதிலாக வேறு பெயரை எழுதியிருந்தால் அப்போது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று சாஜிதா நினைத்துக்கொண்டாள்.

பிரவீனா மறுநாளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அட்டை விஷயத்தை அவள் எடுக்கவில்லை. "அக்கா, சொல்லிக்குடுங்க்கா" என்று மட்டும் கேட்டாள். சாஜிதா அவளுக்குக் காட்டினாள். மனசு வராமல்தான் காட்டினாள். ஆனால் காட்ட ஆரம்பித்த பிறகு அரைகுறையாகக் காட்ட அந்தக் கைக்குத் தெரியவில்லை. இத்தனை சந்தனம், இங்கே நகம், இவ்வளவு தின்னர். மூன்றாவது பீஸில் பிரவீனாவுக்கு ஓரளவு பிடிபட்டது. நாலு மழை இல்லாவிட்டாலும் இரண்டு மழை பெய்திருந்தது.

அந்த நேரம் பார்த்து நஞ்சுண்டனின் மனைவி பழனாத்தாள் மருமகளுக்கு மாதுளம்பழச் சாறு எடுத்துக்கொண்டு வந்தார். பிரவீனாவுக்கு மூன்றாம் மாதம். பழனாத்தாள் மேஜையில் வரிசையாக நின்ற என்ஜின்களைப் பார்த்தார். மருமகள் கையில் இருந்த பஞ்சைப் பார்த்தார். அதில் குங்குமச் சிவப்பு.

"என்ன கண்ணு பண்றே?"

பிரவீனா சொன்னாள். மழை பெய்த மாதிரி வரவேண்டும், அதனால் வைத்துவிட்டுப் பாதியை அழிக்க வேண்டும்.

பழனாத்தாள் பஞ்சைப் பிடுங்கவில்லை. மெதுவாக வாங்கிக் கீழே போட்டார். "புள்ளத்தாச்சி உங்கையால பொட்டை அழிக்கலாமா கண்ணு? அது ஆகாதே. நல்லா வட்டமா, முழுசா வெய்யி. பாக்கறதுக்கும் லட்சணமா இருக்கும்" என்றார். சொன்ன பிறகுதான் பக்கத்தில் சாஜிதா இருப்பது கண்ணில் பட்டிருக்க வேண்டும். முகம் மலர்ந்து, ஆறுதல் போலச் சொன்னார்: "நீங்க செஞ்சா ஒண்ணுமில்லீங்க அம்மணி. உங்களுக்கு அதெல்லாம் கெடையாதல்ல."

சாஜிதாவுக்கும் வீட்டில் புருஷன் இருந்தார். சர்க்கரை வியாதியோடு, இரும்புத் தூசி ஏறின நெஞ்சோடு, தினமும் சாயங்காலம் வீடு வந்து சேர்கிறவரை அவளை வாசல் பார்க்கவைக்கிற புருஷன். அதைச் சொல்லத் தோன்றியது. பழனாத்தாள் இரண்டாவது டம்ளரில் அவளுக்கும் மாதுளம்பழச் சாறு ஊற்றிக் கொடுத்தார். குடித்தாள்.

அதன் பிறகு பிரவீனா வைத்ததெல்லாம் முழுப் பொட்டு. சின்ன வயதிலிருந்து கண்ணாடி பார்க்காமலே நெற்றி நடுவில் வைத்துப் பழகிய கை. கோணாமல், நலுங்காமல், வட்டமாக வந்து உட்கார்ந்தது. உடம்பெல்லாம் கரியும் துருவும் அப்பிய என்ஜின், அப்போதுதான் குளித்துக் கோயிலுக்குப் புறப்பட்ட மாதிரி முகம் காட்டியது. முன்பு செய்த மூன்றையும் எடுத்து அதே மாதிரி முழுதாக்கிவிட்டாள்.

சாஜிதா ஒரேயொரு தரம் சொன்னாள். "இது கண்ணுக்கு ஒட்டாதுங்க அம்மணி. உடம்புல பத்து வருச அழுக்கு, நெத்தியில இன்னைக்குக் காலையில வெச்ச பொட்டு. திரும்பி வந்துரும்."

பிரவீனாவுக்கும் தெரிந்தது. படித்த பெண், கண் உள்ளவள். "அத்தை மனசு சங்கடப்படுமுங்க்கா" என்றாள். பிறகு அடுத்த என்ஜினை எடுத்தாள். அட்டைப்படி பொட்டு வைக்க வேண்டியவள் அவள்; அவளால் அழிக்க முடியாது. அழிக்க முடிந்தவளுக்கு அட்டையில் இடமில்லை. அறுபத்திரண்டு என்ஜின் அப்படியே முடிந்தது.

பெட்டியில் போடும்போது கீதாதான் கேட்டாள், அடியில் புள்ளி யாருது வைக்கிறது என்று. சபரீஷ் அவசரத்தில் இருந்தான். லாரி வாசலில் நின்றது. "எப்பவும் போலப் பச்சையே வெச்சிருங்க. பிரவீனாவுக்குத்தான் கலரே இல்லையே" என்றான். சாஜிதா பிரஷை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். அறுபத்திரண்டையும் கவிழ்த்துப் பச்சை வைத்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து மெயில் வந்தது. கிளப்காரர்கள் நூறையும் ஒரே மேஜையில் வரிசையாக நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். முதல் முப்பத்தெட்டையும் பற்றி ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்திருந்தார்கள். அதிலும் பதினேழாம் எண்ணில் வழிந்திருந்த குங்குமத்தை ஒருவர் லென்ஸ் வைத்துப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். பிரவீனா அம்மையாருக்குத் தங்கள் வணக்கத்தைத் தெரிவிக்கும்படி கேட்டிருந்தார்கள். மீதி அறுபத்திரண்டும் வேறு யாரோ கைவேலை, ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கிறது, சரிசெய்து அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள்.

பெட்டிகள் திரும்பி வந்தன. நஞ்சுண்டன் விதி தவறாதவர். மேஜையில் துணி விரித்து, லென்ஸை எடுத்துக்கொண்டு, ஒரு என்ஜினைக் கவிழ்த்தார். பச்சை. இன்னொன்றைக் கவிழ்த்தார். பச்சை. நாலைந்துக்குப் பிறகு போதும் என்று லென்ஸைக் கீழே வைத்தார். கண்ணாடி அறையில் எல்லோரும் இருந்தார்கள். சபரீஷ் சுவரோரமாக நின்றான். பிரவீனா நாற்காலியில், வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு. வாசலில் கீதா.

"பச்சைதானுங்களே அம்மணி?"

அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கேட்டவருக்கும் தெரியும்.

"மாமா, அது வந்துங்க…" என்று பிரவீனா ஆரம்பித்தாள். சபரீஷ் அவளைப் பார்த்தான். அவ்வளவுதான். அவள் புடவைத் தலைப்பின் நூலை இழுக்க ஆரம்பித்தாள்.

"பச்சைதானுங்க" என்றாள் சாஜிதா.

நஞ்சுண்டன் நோட்டைத் திறந்தார். அவர் கையெழுத்து பழைய காலத்துக் கையெழுத்து, குண்டு குண்டாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. தேதி எழுதினார். மாடல் எழுதினார். குறை என்ற இடத்தில், பொட்டு சரியில்லை என்று எழுதினார். பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை உதறிவிட்டு, நிறுத்தி நிதானமாக எழுதினார். சாஜிதா பேகம்.

நோட்டை அவள் பக்கம் திருப்பினார். "நடைமுறைக்குத்தானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

சாஜிதா அதைப் பார்த்தாள். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. ஜாவுக்கு வரவேண்டிய வளைவு வந்திருந்தது. இத்தனை வருஷத்தில் இவருக்குத் தன் முழுப் பெயர் தெரியும் என்றே அவள் நினைத்திருக்கவில்லை. தெரிந்துதான் இருந்திருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் ரிஃபத் இன்னும் அட்டைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். போன வாரம்கூடப் போனில் நினைவுபடுத்தினாள். பேர் எங்கே என்று கேட்டால் இந்தப் பக்கத்தைத்தான் காட்ட வேண்டும். கையெழுத்துப் போட்டாள்.

"அட்டையெல்லாம் கசங்காம எடுத்துத் தனியா வெச்சுருங்க" என்றார் நஞ்சுண்டன், அவள் எழுந்தபோது. "அதுல ஒண்ணும் குறை இல்லை. பொட்டை மட்டும் நீங்களே பழையபடி பண்ணிப்போடுங்க அம்மணி. உங்க கைக்குத்தானுங்க அது வரும்."

மேஜைக்கு வந்து சாஜிதா தின்னர் டப்பாவைத் திறந்தாள். முடியாது என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்திருக்கலாம் என்று கீதா அப்புறம் பலரிடம் சொன்னாள். கீதாவும் அன்றைக்கு நடக்கவில்லை. யுஸ்ராவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருந்தது. சிக்கந்தருக்கு மாதாமாதம் மாத்திரை இருந்தது. இதெல்லாம் எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான்.

முதல் என்ஜினைத் துணியின் மேல் நிறுத்தி, பஞ்சைத் தின்னரில் தொட்டு, அந்த வட்டச் சிவப்பின் மேல் வைத்தாள். பஞ்சு சிவந்தது. இரண்டாவது பஞ்சு. மூன்றாவது. மேஜை ஓரத்தில் சிவந்த பஞ்சு குவிந்துகொண்டு வந்தது.

மாதுளம்பழச் சாறோடு பழனாத்தாள் அந்த வழியாக வந்தார். குவிந்த பஞ்சைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

"அத்தனையும் அழிக்கோணுமுங்களா அம்மணி?"

"இல்லீங்க" என்றாள் சாஜிதா, அடுத்த பஞ்சை எடுத்துக்கொண்டு. "பாதி அழிச்சாப் போதுமுங்க."